சட்டப் பட்டமும் அதன் பின் வரும் மூன்று வருஷங்களும்

(ஊத்தங்கரையில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சட்டக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர்கள் தாம் பெற்ற கல்வியைப்பற்றி யாது கருதுகின்றனர் என்பதை எடுத்துரைக்குமாறு நம் சங்கத்தார் நம்மைப் பணித்திருக்கின்றனர். இவ்விஷயத்தை அவர்கள் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. வருஷந்தோறும் மேல்நிலைப் பரீக்ஷையின் முடிவு வெளியானவுடன், மருத்துவமா, பொறியியலா, சட்டமா என்ற கேள்வி நம்மவர் இல்லங்களிற் பிறக்கின்றது. முன்னிரண்டைப் பற்றியும் விடை சொல்ல அண்டை அயலில் ஆட்கள் உண்டு. சட்டத்தைப்பற்றித் தெரிந்து சொல்லுவோர் அரியர். கல்லூரியின் விளம்பரத் தாள் தன் பெருமையையே பேசும். சந்தையில் மாடு பிடிப்பவன் விற்பவன் சொல்லை மட்டும் நம்பி ரூபாயை எண்ணிக் கொடுப்பதில்லை. அம்மாட்டை ஏரிற் பூட்டி உழுதவனைத் தேடிக் கேட்கின்றான். கல்வியை ஆராய்வதற்கும் அதுவே நல்ல முறை.

ஆகையால், இவ்வட்டாரத்திலிருந்து சென்று சட்டம் பயின்றோர் பலருடன் நாம் அளவளாவி அறிந்தவற்றையும், நாடறிந்த உண்மைகள் சிலவற்றையும் சேர்த்துத் தங்கள்முன் வைக்கின்றோம்.

முதற்கண் பழைய பட்டதாரி ஒருவரைச் சாக்ஷியாக அழைப்போம். அவர் மகாத்மா காந்தியடிகளே. 1888-ம் வருஷம் லண்டன் சென்று, 1891-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பாரிஸ்டராகி அவர் நாடு திரும்பினார். அக்காலத்தில் அங்கே பாரிஸ்டராவதற்குப் பரீக்ஷையில் தேறுவதோடு, பருவந்தோறும் குறித்த எண்ணிக்கையான விருந்துகளில் அமர்ந்து உண்ணவும் வேண்டும். அடிகள் தம் சுயசரிதையில் இதனை மறைக்காமல் எழுதியிருக்கின்றார். சட்டத்தைப் படித்தாராம், ஆனால் வக்கீல் தொழிலை நடத்தும் வகையைக் கற்கவில்லையாம். ஒரு பிராது எழுதவும் அவருக்குத் தெரியாதாம். இந்து சட்டமும் முகம்மதிய சட்டமும் அங்கே கற்பிக்கப்படவேயில்லையாம். பம்பாயில் சிறு வழக்கு ஒன்றில் 30 ரூபாய் கட்டணம் பெற்று எழுந்து நின்றவர், சாக்ஷியைக் குறுக்கு விசாரணை செய்ய நா எழாமல் அமர்ந்துவிட்டார். கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய வியாபார வழக்கின் கணக்குகளுக்குள் மூழ்கிய பின்னரே, வழக்கின் உண்மைச் செய்திகளே சட்டத்தின் முக்காற் பங்கு என்பதை அவர் உணர்ந்தார்.

சகோதரர்களே! அச்சாக்ஷியம் குறிக்கும் காலத்திற்கும் இன்றைக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ஆயினும் இன்று ஊத்தங்கரை நீதிமன்ற வாயிலில் கறுப்புக் கோட்டுடன் நிற்கும் இளம் பட்டதாரியைக் கேட்டால், விருந்து ஒன்று நீங்கலாக மற்றவையெல்லாம் தனக்கும் பொருந்தும் என்பான். நாம் இன்று சொல்ல வந்ததன் சாரமும் அதுவே. சட்டப் படிப்பு கல்லூரியில் முடிவதில்லை. பட்டம் பெற்ற மறுநாளிலிருந்து வரும் இரண்டு மூன்று வருஷங்களிலேதான் அது முற்றுப்பெறுகின்றது. அந்த வருஷங்களைக் கடக்க வசதியில்லாதவனுக்குப் பட்டம் சுவரில் மாட்டும் படமாய் முடிகின்றது.

குறைகளைச் சொல்லுமுன் நிறைகளைச் சொல்லுதல் முறையாகும். நம் பகுதியிலிருந்து சென்றவர்கள் தம் கல்லூரியைப்பற்றி நன்றியோடு பேசும் விஷயங்கள் பல உள. அரசாங்கச் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் சொற்பம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இக்கல்லூரிகளுக்குத் தனி நுழைவுப் பரீக்ஷை கிடையாது. முன் பெற்ற மதிப்பெண்களே இடத்தைத் தீர்மானிக்கின்றன. 1891-ம் வருஷத்தில் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி ஒன்றே நெடுங்காலம் இராஜதானி முழுவதற்கும் இருந்தது. தருமபுரியிலேயே அரசாங்கச் சட்டக் கல்லூரி 2017-ம் வருஷத்தில் திறக்கப்பட்டமையால், நம் பெண்மக்கள் வீட்டிலிருந்து பேருந்தேறிச் சென்று படித்து மாலையில் திரும்புதல் இயல்வதாயிற்று. பெண்கள் வக்கீலாகக் கூடும் என்று இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டதே 1923-ம் வருஷத்திலேதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

மேலும், பட்டதாரிகள் ஒருமுகமாகச் சொல்லும் ஒரு நன்மை உண்டு. அது அச்சம் நீங்கியமை. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவின் முன் கைகட்டி நின்ற தந்தையின் மகள், ஒரு பத்திரத்தைத் தானே படித்து, இதில் எல்லை தவறாக எழுதப்பட்டிருக்கின்றது என்று சுட்டிக்காட்டுகின்றாள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்பவை அவளுக்கு மந்திரச் சொற்களல்ல. வேறு பயன் ஒன்றுமில்லாவிடினும் இப்பயன் ஒன்றுக்காகவே சட்டம் படிக்கலாம் என்று நம்மிடம் கூறியவர் உளர்.

இனி அவர்கள் சொல்லும் குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை, மனப்பாடம். பரீக்ஷைக்கு வேண்டியது குறிப்புப் புத்தகம்; மூலச் சட்டத்தைத் திறவாமலே தேறினவர் உண்டு. இதன் விளைவு 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி வெளிப்பட்டது. அன்று 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதிய நியாய சம்ஹிதை அமுலுக்கு வந்தது. பாமரரும் அறிந்த கொலைக் குற்றத்தின் 302-வது பிரிவு 103 ஆயிற்று. மோசடியின் 420-வது பிரிவு 318-க்குள் அடங்கிற்று. எண்களைக் கற்றவன் திகைத்தான். குற்றத்தின் அங்கங்கள் யாவை, அவற்றை எச்சாக்ஷியத்தால் நிரூபிப்பது என்று கற்றவன் ஓரிரு வாரத்தில் தேறிக்கொண்டான். வழி அறிந்தவன் மைல் கல்லின் எண் மாறினாலும் ஊர் போய்ச் சேருவான் அன்றோ?

இரண்டாவது குறை, தொழிற் பயிற்சி காகிதத்தளவில் நிற்றல். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ம் வருஷத்து விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் களப் பயிற்சி பெறவேண்டும். பிராதும் எதிர்வாதமும் பத்திரமும் எழுதுதல், தொழில் ஒழுக்கம், சமரச முறை, மாதிரி நீதிமன்றம் என நான்கு செய்முறைப் பாடங்களும் உண்டு. விதி நன்றாகவே இருக்கின்றது. ஆயினும், விசாரணையை நேரிற் கண்டதாக எழுதும் பதிவேட்டை முந்திய வகுப்பு மாணவனின் பதிவேட்டிலிருந்து பார்த்தெழுதிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களிலும் உண்டு என்று பட்டதாரிகளே நகைத்துக்கொண்டு கூறுகின்றனர். இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் நகைப்பு இருந்தது. தம் முதல் வாய்தாவைப் பற்றிச் சொல்லும்போது அந்நகைப்பு இல்லை.

சென்னைக் கல்லூரி நெடுங்காலம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. வகுப்பு முடிந்தவுடன் மாணவன் நடந்துபோய்ப் பெரிய வக்கீல்களின் வாதத்தைப் பின் வரிசையில் இருந்து கேட்கலாம். அந்தப் பின் வரிசையே தமக்கு மெய்யான வகுப்பறை என்பது பழைய மாணவர் பலரின் அபிப்பிராயம். 2018-ம் வருஷத்தில் அக்கல்லூரி புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்து இடம் மாறிற்று. அதன் காரணத்தைப் பின்னே கூறுவோம்.

மூன்றாவது குறை, பாஷை. நம் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகின்றது. உயர் நீதிமன்றத்திலோ அரசியலமைப்பின் 348-வது பிரிவின்படி ஆங்கிலமே நிற்கின்றது. அங்கும் தமிழ் வேண்டுமென்று நம் சட்டசபை 2006-ம் வருஷத்தில் தீர்மானம் நிறைவேற்றியும் அது கைகூடவில்லை. ஆகவே தமிழில் படித்துத் தேறியவன், மேல் நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்க அகராதியைத் தேடுகின்றான்; ஆங்கிலத்தில் படித்தவனோ கட்சிக்காரனின் வாக்குமூலத்தைத் தமிழிற் செம்மையாக எழுதத் தடுமாறுகின்றான். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் கட்சிக்காரரும் பலர். இவ்வெல்லைப் புறத்து வக்கீலுக்கு இரண்டு பாஷை எழுதவும், நான்கு பாஷை கேட்கவும் தெரிந்தாக வேண்டும். இதைக் கல்லூரி கற்பிப்பதில்லை.

பாஷையைப் பற்றிப் பேசும்போது அண்டை நாட்டுப் பெங்களூரை மறத்தலாகாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் உள்ள அந்நகரில், 1986-ம் வருஷத்துக் கர்நாடகச் சட்டத்தால் தேசியச் சட்டப் பள்ளி நிறுவப்பட்டது. 1988-ல் பாடம் தொடங்கிற்று. அதனை உருவாக்கியவர் பேராசிரியர் என். ஆர். மாதவ மேனோன். மனப்பாடத்தை ஒழித்து, வழக்குகளை ஆராய்ந்து விவாதித்துக் கட்டுரை எழுதிக் கற்கும் முறையை அவர் ஐந்தாண்டுப் படிப்பில் புகுத்தினார். அதுபோன்ற பள்ளிகள் பின்னர் நாடெங்கும் தோன்றின. நம் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று உண்டு. அங்குப் பயின்றோர் தம் ஆசிரியரையும் நூல்நிலையத்தையும் புகழ்கின்றனர். ஆனால் அவற்றிற்குரிய பொது நுழைவுப் பரீக்ஷை ஆங்கிலத்திலேயே நடந்து வருகின்றது. கட்டணமோ வருஷத்துக்கு லக்ஷங்களில் உள்ளது. மேனோன் அவர்கள் எளியோருக்கு உழைக்கும் வக்கீல்களை எதிர்பார்த்திருக்க, பட்டதாரிகளிற் பெரும் பகுதியார் பெரிய கம்பெனிகளின் வழக்கறிஞர் நிறுவனங்களுக்கே சென்றனர். இதுபற்றி அவர் பின்னாளில் வருந்தியதும் உண்டு. எளிய குடும்பத்துப் பிள்ளைகளை அப்பள்ளிகளுக்குத் தயார் செய்வதற்காக, காலஞ்சென்ற பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். நம் வட்டாரத்தில் மாநில அளவில் மதிப்பெண் பெறும் மாணவர்கள் இருக்கின்றனர். இப்படி ஒரு பரீக்ஷை உண்டென்பதே அவர்களிற் பலர் செவிக்கு எட்டவில்லை.

குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கார்னகி நிறுவனம் 2007-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையும், சட்டப் பள்ளிகள் வக்கீலைப்போல் யோசிக்கக் கற்பிக்கின்றன, தொழில் திறமையையும் ஒழுக்கப் பொறுப்பையும் அவ்வளவு கற்பிப்பதில்லை என்றே முடிவு கூறிற்று.

இப்பொழுது நம் உபந்நியாசத்தின் மையத்துக்கு வந்துள்ளோம். பட்டதாரிகள் மிகுந்த கசப்போடு பேசுவது கல்லூரியைப்பற்றியன்று. அதன்பின் வந்த நாட்களைப்பற்றியே.

முற்காலத்தில் பட்டம் பெற்றவன் ஒரு மூத்த வக்கீலிடம் முறையாகப் பயிற்சி பெற்ற பின்னரே பதிவு செய்துகொள்வான். 1961-ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தில் 1973-ல் செய்த திருத்தத்தால் அக்கட்டாயம் நீங்கிற்று. 1995-ல் வழக்கறிஞர் மன்றம் அதனை விதி மூலம் மீட்க முயன்றது. அதிகாரமில்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிற்று. 2010-ல் அகில இந்திய வழக்கறிஞர் பரீக்ஷை ஏற்படுத்தப்பட்டது. பரீக்ஷை அறிவைச் சோதிக்கும், பயிற்சியைத் தராது. ஆகவே பயிற்சி வேண்டுமென்றால் மூத்தவர் ஒருவரின் ஆபீஸே கதி.

வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆபீஸ் பிறந்த வீடு. தந்தையின் கட்டுகளும் குமாஸ்தாவும் புத்தக அலமாரியும் அவனுக்குக் காத்திருக்கின்றன. நம் பிள்ளையின் நிலையென்ன? தந்தை மாந்தோப்பையும் நிலக்கடலைக் கொல்லையையும் நம்பியவர். அல்லது புளி வியாபாரம் செய்பவர். பிள்ளை ஒரு மூத்தவரிடம் சேருகின்றான். காலையில் கட்டு எடுத்துவைக்கின்றான், வாய்தா கேட்கின்றான், மாலையில் பேருந்துக் கூலி பெறுகின்றான், சில மாதம் அதுவுமில்லை. மூத்தவரை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. தாலுகா நீதிமன்றத்தில் அவருக்கே வரும்படி மழையைப்போன்றது, பெய்தால் உண்டு. வீட்டிலோ, ஐந்து வருஷம் படித்தும் இன்னும் கைச்செலவுக்குக் கேட்கின்றானே என்று முணுமுணுப்பு எழுகின்றது. உடன் படித்தவன் ஓசூர்த் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகின்றான். நம் பிள்ளையும் ஒரு நாள் அங்கே ஆள் நிர்வாக இலாகாவில் வேலைக்குச் சேர்ந்துவிடுகின்றான். முழு நேரச் சம்பள வேலை பார்ப்பவர் வக்கீலாகத் தொழில் நடத்தலாகாது என்பது வழக்கறிஞர் மன்ற விதி. ஆகவே அன்றோடு கறுப்புக் கோட்டு பெட்டிக்குள் போகின்றது. தொழிற்சாலை வேலை இழிவென்று நாம் சொல்லவில்லை. விரும்பிச் சென்றால் அது நல்ல வேலையே. விருப்பம் ஒரு பக்கமும், வறுமை ஒரு பக்கமும் இழுக்க, வறுமை வென்றதே என்றுதான் வருந்துகின்றோம்.

இந்நிலையை மேலோர் அறியாமலில்லை. பல மாநிலங்களில் பதிவுக்கெனப் பல்லாயிரம் ரூபாய் வாங்கி வந்ததை, 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது; சட்டம் குறித்தபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாயும், ஆதிதிராவிடர் பழங்குடியினரிடம் 125 ரூபாயும் தவிர மிகுதி வாங்கலாகாது என்றது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வக்கீல்களுக்குப் பெருநகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயுமேனும் மூத்தவர் கொடுக்கவேண்டுமெனச் சுற்றறிக்கை அனுப்புமாறு வழக்கறிஞர் மன்றத்துக்குக் கூறிற்று. சொல் பொன்னானது, தாலுகா நீதிமன்றங்களில் அது நாணயமாக மாறியதாக நம் இளைஞர் ஒருவரும் நம்மிடம் கூறவில்லை. பின்னர், 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிபதிப் பதவியின் முதற்படிக்கு விண்ணப்பிக்க மூன்று வருஷத் தொழில் அநுபவம் வேண்டும் என்பது அது. நீதிபதி ஆசனத்தில் அமர்வோர் வழக்கு மன்றத்தின் வெயிலும் நிழலும் அறிந்திருத்தல் நன்றே. ஆயினும் அதன் பொருளை நம் தாய்மார்கள் உணரவேண்டும். மகளைச் சட்டம் படிக்க வைத்து நீதிபதியாக்க விரும்புவோர், படிப்புச் செலவோடு அந்த மூன்று வருஷச் செலவையும் முன்னரே கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும்.

சென்னைக் கல்லூரி ஏன் இடம் மாறிற்று என்பதைக் கூறுவதாகச் சொன்னோம். 2008 நவம்பர் 12-ந் தேதி அக்கல்லூரி வாயிலில் மாணவர் சாதியால் இரு பிரிவாகி ஒருவரையொருவர் தடியாலும் ஆயுதத்தாலும் தாக்கினர். போலீசார் பார்த்து நின்றனர். நாடு முழுவதும் அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டது. நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்து, கல்லூரியை வேறிடத்துக்கு மாற்றுமாறு பரிந்துரைத்தது. அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. அவரோ 1935-ல் பம்பாய் அரசாங்கச் சட்டக் கல்லூரியின் பிரின்ஸிபாலாயிருந்தவர். சட்டக் கல்வி எவ்வாறு சீர்திருந்த வேண்டுமென்று எழுதியவர்.

சாதியின் பெயரால் கூடிய சங்கத்தின் மேடையில் இதனைச் சொல்லுவது சிலருக்குக் கசக்கலாம். இங்கேயே சொல்லவேண்டும் என்பது நம் துணிபு. நம் பட்டதாரிகள் நம்மிடம் மிகவும் தயங்கிச் சொன்ன செய்தியும் இதுவே. ஊர்த் தகராறு வந்தால் நம்மாள் வக்கீல் இருக்கின்றான், அவன் பார்த்துக்கொள்வான் என்று பெரியோர் சிலர் துணிகின்றனர். அவன் எதிர்த் தரப்பு ஏழைக்காக ஆஜரானால் குலத்துரோகி என்கின்றனர். பெரியோர்களே! வக்கீல் என்பவன் குலத்தின் கைத்தடியல்லன். அவனிடம் வருவோரின் குலத்தைக் கேளாமல் வழக்கைக் கேட்பதே அவன் தர்மம். அவ்வாறு நடந்து நற்பெயர் பெற்ற ஒருவனால் நம் சங்கத்துக்கு வரும் கௌரவம், நமக்காக மட்டும் வாதிடும் பத்துப் பேரால் வராது.

முடிவாகச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம்.

ஒன்று: இப்பொழுது நாம் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகின்றோம், பட்டம் பெற்ற நாளில் சால்வை போர்த்துகின்றோம், அத்துடன் மறந்துவிடுகின்றோம். சால்வை போர்த்தும் நாளே உதவி தொடங்கவேண்டிய நாள். தொழிலிற் புகும் இளைஞருக்கு முதல் மூன்று வருஷம் மாதந்தோறும் ஒரு தொகை அளிக்க நிதி ஒதுக்கவேண்டும். பெண் வக்கீல்களுக்கு முதலிடம் தரவேண்டும். நிலைபெற்ற பின் அவர்கள் தமக்குப் பின் வருவோர் ஒருவருக்கு அவ்வாறே உதவுவாராக.

இரண்டு: ஊத்தங்கரையில் ஒரு வாசக அறை வேண்டும். புதிய சட்ட நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு கணிப்பொறி, நான்கு நாற்காலி போதும். வாரம் ஒரு முறை மூத்த வக்கீல் ஒருவர் அமர்ந்து பிராது எழுதவும் சாக்ஷி விசாரிக்கவும் சொல்லிக்கொடுப்பாராக. அவ்வறையின் கதவு எல்லாக் குலத்து இளைஞருக்கும் திறந்திருக்கவேண்டும்.

மூன்று: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சட்டப் படிப்பின் வழிகளை எடுத்துரைக்கவேண்டும், நுழைவுப் பரீக்ஷைக்கு ஆங்கிலப் பயிற்சி தரவேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். கல்லூரி தாராததை நீங்களே தேடிக்கொள்ளக் கூடும். விடுமுறை நாளில் நீதிமன்றத்தின் பின் வரிசையில் சென்று அமருங்கள், யாரும் தடுப்பதில்லை. குறிப்புப் புத்தகத்தை மூடி மூலச் சட்டத்தைத் திறவுங்கள். தாலுகா சட்டப் பணிகள் குழுவின் முகாம்களுக்குச் சென்று, எளியோரின் மனுக்களை எழுதிக் கொடுங்கள்; நூறு மனு எழுதியவன் கை பிராது எழுத நடுங்காது. இம்மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்த ராஜாஜி 1900-ம் வருஷத்தில் சேலத்தில் தொழில் தொடங்கியபோது அவரும் புதிய முகமே.

தாய்மார்களே! தென்னை நட்டவர் மறு வருஷமே இளநீர் கேட்பதில்லை. சட்டம் படித்த பிள்ளையிடமும் மூன்று வருஷம் பொறுத்திருங்கள். அப்பொறுமைக்குத் துணையாகச் சங்கம் கை கொடுக்கட்டும். இம்மூன்று வேண்டுகோளையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு அக்கிராசனாதிபதி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

நீதி வாழ்க! கல்வி வளர்க!